வீட்டுக் கண்காணி

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் ஒரு அட்டவணை வருகிறது. வீட்டிலிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி. கருவியின் பெயர், எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு இலக்க வன்பொருள் முகவரி, இன்று இறக்கிய அளவு, ஏற்றிய அளவு. எல்லாப் பெட்டிகளிலும் இது கிடையாது. பலவற்றில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதோடு நின்றுவிடும். ஆனால் அளவும் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவனுக்கு வழிகள் இருக்கின்றன. பெட்டி இடம் கொடுத்தால் அதன் மென்பொருளையே எடுத்துவிட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ஒன்றை ஏற்றிக்கொள்ளலாம். மணிவாரியாக, நாள்வாரியாக, எந்தக் கருவி எவ்வளவு தின்றது என்று கோடு போட்டே காட்டிவிடும்.

இதைப் பார்ப்பதில் தார்மிகப் பிரச்னை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கரண்ட் மீட்டரைப் பார்ப்பதில் என்ன தார்மிகம்? இந்தப் பதிலில் உள்ள சௌகரியம்தான் என்னை உறுத்துகிறது. கரண்ட் மீட்டர் வீட்டை அளக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருந்துகொண்டு, இந்த மின்விசிறி யாருக்காகச் சுற்றியது, இந்த விளக்கு யார் தூங்காததால் எரிந்தது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ரூட்டரின் அட்டவணையோ வீட்டை அளப்பதே இல்லை. கருவிகளை அளப்பதாக அது சொல்லிக்கொள்கிறது. போன் என்பது ஒரு ஆளின் உடம்போடு ஒட்டிக்கொண்ட பிறகு கருவியை அளப்பதும் ஆளை அளப்பதும் ஒன்றுதான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வெளியுலகத்துக்கு ஒரு வீடு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு முகவரி. இணைய முகவரிகளுக்குப் பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்த காலத்தில், 1994இல், குறுகிய காலத்துக்கான ஏற்பாடு என்று சொல்லி ஒரு உத்தியை முன்வைத்தார்கள். உள்ளே எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. போகிற வருகிற ஒவ்வொன்றையும் வாசலில் இருக்கும் பெட்டி மாற்றி எழுதி அனுப்பும். தற்காலிக ஏற்பாடுகளின் ஆயுள் நமக்குத் தெரிந்ததுதான், இதுவும் நிலைத்துவிட்டது. ஆக, முகவரியை மட்டும் பார்க்கும் வெளியாளுக்கு வீடு பிரிக்க முடியாத ஒன்று. பாட்டியும் பேரனும் ஒரே எண். அந்த ஒன்று பலவாகப் பிரிகிற இடம் ரூட்டர். எந்த உருவம் யாருக்கு என்று அதற்குத் தெரியாவிட்டால் வேலையே நடக்காது. பிரித்து அறிவது அதன் தொழில். பிரித்து அறிந்ததை எழுதிவைத்து ஒருவரிடம் மட்டும் காட்டுவது அதன் தொழிலில் அடங்காது. அது நாம் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஏன் கேட்கிறோம்? ஒரு மாலை நேரத்தில் எல்லாம் மெதுவாகிவிடுகிறது. அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் முகம் உறைந்துபோகிறது. “நெட்டை யாரு இழுக்குறா?” என்று ஒரு குரல் எழுகிறது. இந்தக் கேள்வி நியாயத்தின் குரலில் வருகிறது. பொதுவான ஒன்றை ஒருவர் அதிகமாக எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இல்லாமல் செய்கிறார், அது யார் என்று தெரிந்தாக வேண்டும். கேட்பதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு அட்டவணை தரும் பதில் உண்மையிலேயே பதில்தானா?

அட்டவணைக்குத் தெரிந்தது பைட்டுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். தெளிவான வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவும் அவ்வளவேதான் எடுக்கும். ராத்திரி சார்ஜில் கிடக்கும் போன் தன் மென்பொருளைத் தானே புதுப்பித்துக்கொள்ளச் சில ஜிபி இழுக்கும். அதன் சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார், காலையில் அவர் பெயருக்கு எதிரே ஒரு பெருந்தீனிக்காரனின் கணக்கு நிற்கும். ஒரு மரணச் செய்தி, ரகசியக் குறியாக்கத்தின் சுமை எல்லாம் சேர்த்தும், சில கேபி. ஒருத்தி விடியவிடிய யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டிருந்தாள், தன் வாழ்க்கையின் திசையையே ஒரு இரவில் மாற்றிக்கொண்டாள் என்றால், அத்தனையும் அட்டவணையில் ஒரு எம்பியைத் தாண்டாது. மனித வாழ்வில் கனமானவை பைட்டுகளில் மிக லேசாக இருக்கின்றன. கனமற்றவை பூதாகாரமாக இருக்கின்றன. விதிவிலக்குகள் உண்டு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் முகத்தை வீடியோவில் பார்ப்பதும் பைட்டுகளில் பெரியதுதான். ஆனால் அதையும் கிரிக்கெட்டையும் அட்டவணை ஒரே நிறத்தில்தான் காட்டும்.

பைட் அர்த்தத்தை அளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு ஏற்பட்ட இடைஞ்சலையாவது அளந்தால் போதாதா என்று கேட்கலாம். அதையும் அது அளப்பதில்லை. இது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

வைஃபையில் பகிர்ந்துகொள்ளப்படும் பொருள் காற்றுவெளியின் நேரம். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசுவதற்கு முன் காதைத் தீட்டிக்கொண்டு வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் மோதிக்கொண்டால் இருவரும் விலகி, ஆளுக்கொரு தற்செயலான காலம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே வானொலி மூலம் கணிப்பொறிகளை இணைத்த அலோஹா வலையிலிருந்து வளர்ந்து வந்த மரபு இது. கூட்டுக் குடும்பத்தின் பேச்சு நாகரிகம் போல இருக்கிறது. ஆனால் இந்த நாகரிகம் எல்லோருக்கும் சமமான முறைகளைத் தருகிறது, சமமான நேரத்தைத் தருவதில்லை. ரூட்டருக்குப் பக்கத்திலிருக்கும் புதுப் போன் தன் முறை வந்ததும் மின்னலாகச் சொல்லி முடித்துவிடும். மூன்று சுவர்களுக்கு அப்பால் இருக்கும் பழைய போன் அதே அளவு விஷயத்தைச் சொல்லப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2003இல் கிரனோபிளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் எல்லோரும் இருக்கும் வலையில் ஒரே ஒருவர், தூரம் காரணமாக, 1 மெகாபிட்டுக்கு இறங்கினால், மற்ற அனைவருக்கும் கிடைப்பதும் அந்த ஒருவரின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. பின்னால் இதைச் சரிசெய்யும் முறைகள் வந்தன. எல்லாப் பெட்டிகளிலும் அவை இல்லை.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். பின்கட்டு அறையில் பழைய போனை வைத்துக்கொண்டிருப்பவரின் வரியில் அற்பமான ஒரு எண் இருக்கும். பைட் கணக்கில் அவர் நிரபராதி. கூடத்தில் பெரிய டிவியில் படம் பார்ப்பவர் குற்றவாளி. காற்று நேரத்தின் கணக்கை எடுத்தால் குற்றவாளி பின்கட்டுக்காரர். அந்தக் கணக்கைச் சொல்லும் பெட்டிகளும் உண்டு. அவற்றை வாங்கினால் பழி இடம் மாறும், அவ்வளவே. பின்கட்டு அறை யாருக்குக் கொடுக்கப்பட்டது? கைமாறிக் கைமாறிக் கடைசியில் பழைய போன் யாரிடம் போய்ச் சேர்ந்தது? வயதானவரிடம், அல்லது சம்பாதிக்காதவரிடம், அல்லது வீட்டோடு இருந்து வேலை செய்யும் பெண்ணிடம். வீட்டின் படிநிலைகள் முதலில் ஒருவரை மூலையில் உட்கார வைக்கின்றன. பிறகு மூலையில் உட்கார்ந்திருப்பதே எல்லோருக்கும் இடைஞ்சல் என்று ஒரு கருவி விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கிறது. எதை அளக்கிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே யாரைக் குற்றம் சொல்லப்போகிறோம் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அளவு நடுநிலையானது என்று நம்புகிறவர்கள் ரூட்டரை எங்கே வைத்தோம், ஏன் அங்கே வைத்தோம் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

நியாயம் வேண்டும் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஆளைக் கண்டுபிடிக்காமலே ஒரு பதில் உண்டு, அதுவும் நெடுங்காலமாக உண்டு என்பதுதான் என்னை இந்த விஷயத்தில் எழுத வைத்தது.

1985 டிசம்பரில் ஃபோர்டு ஏரோஸ்பேஸில் இருந்த ஜான் நேகிள் ஒரு குறிப்பு வெளியிட்டார். வலையில் ஒருவன் பேராசைக்காரனாக இருந்தால் அவன் ஜெயிக்கிறான், அடக்கமாக இருப்பவன் தோற்கிறான். அப்படியிருக்கும்போது எல்லோரையும் நல்லவர்களாக இருக்கச் சொல்லி என்ன பயன் என்பது அவருடைய பிரச்னை. எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைப்பதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் தனி வரிசை போட்டு, சுற்றுமுறையில் ஆளுக்கொன்றாக எடுத்து அனுப்பினால் போதும் என்றார் அவர். ஆயிரம் பொட்டலம் அனுப்பி நெரிக்கிறவன் தன் வரிசையில்தான் தானே நெரிந்துகொண்டு நிற்பான். ஒரே ஒரு பொட்டலத்தோடு வந்தவன் அடுத்த சுற்றில் போய்விடுவான். மறு வருடமே, 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதை நெரிசலில் 40 பிட்டுக்கு விழுந்தது. அதற்கு வான் ஜேகப்சன் கண்ட மருந்து இன்னும் சுவாரஸ்யமானது. அனுப்பிய பொட்டலம் தொலைந்துபோனால் நெரிசல் என்று புரிந்துகொண்டு, யாரும் சொல்லாமலே அனுப்புகிறவன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். இணையம் இன்றுவரை நிற்பது பெருமளவுக்கு இந்தத் தன்னடக்கத்தின் மேல்தான். மேற்பார்வையாளர் எவரும் அதில் இல்லை.

நேகிளின் யோசனையிலிருந்து கிளைத்த வரிசை முறைகள் இன்று வீட்டு ரூட்டர்களுக்குள்ளேயே வந்துவிட்டன. ஒன்று, ஓடும் தொடர்புகளை 1024 வரிசைகளில் தற்செயலாகப் பிரித்துப் போட்டு, சுற்றிச் சுற்றி எடுக்கிறது. இன்னொன்றுக்குக் கேக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது கருவிக்குக் கருவி சமமாகப் பங்கு போடும். பங்கு போடும் அந்தக் கணத்துக்கு முகவரி தேவை. கணம் முடிந்ததும் தேவையில்லை. நேற்று யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று இந்த முறைகளுக்கு நினைவே கிடையாது. ஒரு வீட்டில் இதைப் பொருத்திவிட்டால், ஒருவர் எவ்வளவு இறக்கினாலும் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் முகம் உறையாது. வேண்டியது நியாயம்தான் என்றால் விஷயம் அத்தோடு முடிந்துவிட வேண்டும்.

முடிவதில்லை. நெரிசல் தீர்ந்த பிறகும் அட்டவணை திறக்கப்படுகிறது. அப்படியானால் அதைத் திறக்க வைத்தது நியாய உணர்ச்சிதானா என்ற சந்தேகம் தவிர்க்க முடியாததாகிறது.

நம் வீடுகளில் ஒரு பழைய சம்பிரதாயம் இருக்கிறது. சாப்பிடுகிறவரின் இலையை எண்ணக்கூடாது. எத்தனை இட்லி போனது என்று கணக்கு வைப்பதும், வைப்பது தெரிவதும், அசிங்கம். கண் படும், வயிறு கெடும் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அந்தக் காரணங்களை நாம் ஒதுக்கிவிடலாம், சம்பிரதாயத்தின் உள்ளிருக்கும் புத்திசாலித்தனத்தை ஒதுக்க முடியாது. அரிசியை அளந்துதான் உலையில் போட்டார்கள். பற்றாக்குறை இல்லாத வீடு அபூர்வம். ஆனாலும் பானையை அளப்பது வேறு, இலையை அளப்பது வேறு என்ற பிரித்தறிவு இருந்தது. (இதை ஒரு பொற்காலமாக்கிவிட வேண்டாம். இதே வீடுகளில் மருமகளின் தட்டு எண்ணப்பட்டது. அவள் கடைசியில் சாப்பிட்டாள், மிச்சத்தைச் சாப்பிட்டாள். சம்பிரதாயம் யாருக்குப் பொருந்தவில்லை என்பதிலிருந்தே வீட்டில் யார் ஆள் என்று கணக்கிடப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.) மாத அளவு வைத்த இணைப்பில் மொத்தம் எவ்வளவு போயிற்று என்று பார்ப்பது பானையைப் பார்ப்பது. அது குடும்பப் பொறுப்பு. அட்டவணை இலையை எண்ணுகிறது.

இலையில்கூட அளவு மட்டும்தான் தெரியும். இங்கே நேரமும் தெரிகிறது. இன்று பெரும்பாலான தளங்களில் உள்ளடக்கம் குறியாக்கத்தில் மறைந்துவிடுகிறது. என்ன பார்த்தார், என்ன எழுதினார் என்று ரூட்டருக்குத் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு விழித்திருந்தார் என்பது தெரியும். நான்கு நாளாக விழித்திருக்கிறார் என்பது தெரியும். அர்த்தம் இல்லாத ஒரு தடயம் கையில் கிடைத்தால் மனம் சும்மா இருப்பதில்லை, அர்த்தத்தைத் தன்னிடமிருந்தே எடுத்து அதில் நிரப்புகிறது. பார்க்கிறவனின் பயமும் பொறாமையும் பார்க்கப்படுகிறவளின் வரியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இதைத் தகவல் என்று சொல்வது அபத்தம்.

சார்த்தர் 1943இல் எழுதிய பெரிய புத்தகத்தில் சாவித் துவாரத்தின் வழியே பார்க்கும் ஒருவன் வருகிறான். பார்ப்பதில் மூழ்கியிருக்கும் வரை அவனுக்குத் தான் என்ற பிரக்ஞையே இல்லை. பின்னால் தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்கிறது. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று உணர்ந்ததும் அவமானம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அவமானத்தில்தான் அவன் மற்றவர்களோடு ஒரே உலகத்தில் இருப்பது அவனுக்குத் தெரிகிறது. ரூட்டரின் முன் உட்கார்ந்திருப்பவனுக்குத் தாழ்வாரம் கிடையாது. போனைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் முகத்தைப் பார்த்தால் அவன் வேலை பார்ப்பதுபோலவே இருக்கும். தன் வரியும் அட்டவணையில் இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க இன்னொரு கண் இல்லை. பாஸ்வேர்ட் அவனிடம் இருக்கிறது.

கண்காணிப்பு என்ற சொல்லை நாம் இப்போது சர்வ சாதாரணமாக உபயோகிக்கிறோம். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கிறவன் கண்காணி. திருமூலருக்குக் கடவுளே கண்காணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் கப்பலேறி இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே கண்காணி என்பவன் அந்நியன் அல்ல. பெரும்பாலும் அதே ஊர்க்காரன், சாதிக்காரன், உறவுமுறை சொல்லிக் கூப்பிடக்கூடியவன். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தவனும் அவன்தான், கடன் கொடுத்தவனும் அவன்தான், கல்யாணம் கருமாதியில் முன்னால் நின்றவனும் அவன்தான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு காசு என்று தோட்டத்திலிருந்து அவனுக்குப் போனது. துரை தூரத்தில் இருந்தார். எண்ணுகிறவன் வீட்டு மனிதனாக இருந்தான். வீட்டு ரூட்டரையும் தேயிலைத் தோட்டத்தையும் சமன்படுத்த நான் வரவில்லை, அந்தக் கொடுமைக்கு முன் இது ஒன்றுமே இல்லை. உறவும் எண்ணிக்கையும் ஒரே ஆளிடம் சேரும்போது உறவு எண்ணிக்கையை மிருதுவாக்கும் என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கைக்குச் சரித்திரத்தில் ஆதாரம் குறைவு என்று மட்டும் சொல்கிறேன்.

சட்டமும் இங்கே உதவிக்கு வராது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2019இல் மாலை 6 முதல் இரவு 10 வரை போன் கூடாது என்ற விடுதி விதியை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது கேரள உயர் நீதிமன்றம். விடுதி என்பது ஸ்தாபனம்; அதை எதிர்த்து வழக்குப் போடலாம். 2023இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவுக்குத் தான் பொருந்தாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஐரோப்பியச் சட்டத்திலும் இதே விலக்கு உண்டு. சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிடுவது ஒரு வகையில் சரிதான். வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் வர வேண்டும் என்று யார் கேட்பார்கள்? ஆனால் சட்டம் நிற்கும் இடத்தில் மனசாட்சிக்கு வேலை கூடுகிறது.

பார்க்காமலே இருந்துவிடலாம் என்பதும் தப்பித்தல்தான். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட காமிராக்களையும் வீடியோப் பதிவுப் பெட்டிகளையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. அந்த அக்டோபர் 21இல் இப்படிப்பட்ட வீட்டுக் கருவிகள் சேர்ந்து ஒரு முகவரிச் சேவை நிறுவனத்தை அடித்ததில் அமெரிக்காவின் பல பகுதிகளில் பெரிய தளங்கள் கிடைக்காமல் போயின. தங்கள் வாசல் காமிரா கொள்ளைக்கூட்டத்தில் இருப்பது பெரும்பாலான சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. காரணமில்லாமல் ஒரு காமிரா இரவெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால், அதைக் காட்டக்கூடியது இந்த அட்டவணையின் ‘ஏற்றிய அளவு’ என்ற பத்திதான். தன் வீட்டுக் கருவி ஊராருக்குக் கெடுதல் செய்யாமல் பார்த்துக்கொள்வது கடமை.

காமிராவுக்கு அந்தரங்கம் இல்லை. ஆளுக்கு உண்டு. அட்டவணை இரண்டையும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில் வைக்கிறது. போன்களோ வேறு விதமாகக் குழப்புகின்றன. ஆண்ட்ராய்டில் 2019 முதலும் ஐபோனில் 2020 முதலும், போன் தன் உண்மையான வன்பொருள் முகவரியைச் சொல்லாமல் வலைக்கு ஒன்றாகப் பொய்முகவரி கொடுக்கிறது. கடைகளிலும் நிலையங்களிலும் ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்கவே இது வந்தது. வீட்டில் அதன் விளைவு, பெயர் தெரியாத ஒரு கருவி பட்டியலில் முளைப்பது. பக்கத்து வீட்டுக்காரன் திருடுகிறானோ என்று பதறி அதைத் தடைசெய்தால் உள்ளறையிலிருந்து மகள் வந்து தன் போன் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பாள்.

குழந்தைகளுக்காகத்தான் பார்க்கிறோம் என்பார்கள். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தையை நயமாகப் பேசி வலையில் இழுக்கும் ஒருவனின் வார்த்தைகள் சில கேபிதான். தொடர்ந்து கார்ட்டூன் பார்க்கும் குழந்தையின் வரி மலைபோல் நிற்கும், ஆபத்திலிருக்கும் குழந்தையின் வரி அமைதியாக இருக்கும். எந்தப் பயத்தால் பெற்றோர் அட்டவணையைத் திறக்கிறார்களோ அந்தப் பயத்துக்கு அதில் பதில் இல்லை. பதில் இருக்கும் இடம் சாப்பாட்டு நேரம், குழந்தை சொல்லாமல் விழுங்கும் வாக்கியம். கவனம் என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம். கவனிக்கிறவர் எதிரே இருக்க வேண்டும், குழந்தையின் பார்வையில் பட வேண்டும், அவரையும் குழந்தை திருப்பிக் கேள்வி கேட்க முடிய வேண்டும்.

அட்டவணை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிற வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி, பெட்டியின் மேலேயே ஒட்டிவிடலாம். மளிகைக் கணக்கு நோட்டு மேசைமேல் கிடப்பதுபோல. மகன் அப்பாவின் இரவு 1 மணியைப் பார்ப்பான், மருமகள் மாமனாருடையதைப் பார்ப்பாள். இந்த யோசனையைச் சொன்னதும் அட்டவணைக்காரர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அமைப்புகளை யாராவது கெடுத்துவிடுவார்கள் என்பது அவர்கள் உடனே சொல்லும் காரணம். மாற்ற முடியாத, பார்க்க மட்டும் முடிகிற பக்கம் ஒன்றைத் தனியாக வைக்க முடியும் என்று விளக்கினால் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது.

சாதாரண ரூட்டரில் இந்தக் கணக்குகள் தற்காலிக நினைவில்தான் இருந்துவந்தன. நிரந்தரமாக எழுத அதில் இடம் குறைவு. மின்சாரம் போனால் எல்லோருடைய வரியும் பூஜ்யத்துக்குத் திரும்பும். மறக்காமல் வைத்திருக்க விரும்புகிறவன் தனியாகச் சேமிப்பு வைக்க வேண்டும். வறுமையால் வந்த மறதி என்றாலும் மறதிதான். இப்போது வரும் பெட்டிகளில் பலவற்றை நிறுவனத்தின் செயலி மூலம், அங்கே கணக்குத் தொடங்கித்தான் நிர்வகிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோதும் போனில் அட்டவணையைப் பார்க்கலாம் என்பது விளம்பரம். பார்க்க முடிய வேண்டுமானால் அந்த விவரம் வீட்டைத் தாண்டி நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போய்வர வேண்டும். வெளியுலகத்துக்கு ஒரே முகவரியாக இருந்த வீட்டை, உள்ளிருந்த ஒருவர் தன் கையாலேயே ஆள் ஆளாகப் பிரித்து வெளியே கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட செயலிகளின் பட்டியலில் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டவர்களின் போன்களும், ‘இணைப்பில் இல்லை’ என்ற குறிப்போடு, யாராவது நீக்கும்வரை இருந்துகொண்டிருக்கின்றன.